நடந்து போகிறவளின் பை

ஒரு பெண் தன் சொந்தக் காலால் நடப்பதற்கு இந்தத் திருகோணமலையில் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது! லோஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உவர்மலை வீட்டிலிருந்து இறங்கி, உட்துறைமுக வீதியிலிருக்கும் கந்தோருக்கு வந்து சேர்வதற்குள் ஓட்டோக்காரர்கள் மாறி மாறிப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் போன ஒரு பெரியவர் திரும்பியே வந்தார்.

"ஏறும் பிள்ளை, ஏன் இந்த வெயிலுக்க சுமந்துகொண்டு போறீர்?"

"நடந்து பழகிறன் ஐயா."

பழகுகிறாளாம்! அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், முதுகுப் பையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

பிரச்சினை இல்லை. மலையேறுவதற்காகப் பைக்குள் அரிசியைக் கட்டிப்போட்டு, பாரம் தூக்கிப் பழகினாள், அவ்வளவுதான். இதை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்துவது?

திட்டம் போட்டது அவளும் நிப்லாவும். இரண்டு பேரும் ஒரே கப்பல் முகவர் கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசை. நக்கிள்ஸ் மலைத்தொடரில் நான்கு நாள் நடை. மாத்தளைப் பக்கத்து வழிகாட்டி ஒருத்தி பெண்களை மட்டும் சேர்த்துக் கூட்டிப் போகிறாள். வன இலாகா அனுமதியையும் அவளே எடுத்துவிடுவாள். ஏலக்காய்க் காட்டுக்குள்ளால் ஏறி, முகில் மூடிய புல்மேட்டைத் தாண்டி, கூடாரத்தில் படுத்து, மற்றப் பக்கத்தால் இறங்க வேண்டும். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் கதை மலைக்குப் போய்விடும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூச வேண்டுமாம். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டுமாம். இரவில் பல் கிட்டுகிற குளிராம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது.

"ராவு ஃபேனை முழுசாப் போட்டுட்டு, ஐஸ் தண்ணியும் குடிச்சுப் பாத்தன்," என்றாள் நிப்லா. "குளிரல்ல. மூக்கடைச்சுத் தடிமன்தான் வந்த."

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் யாருடைய கண்ணோ பட்டது.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை, அதற்குள் சிவரூபன் தொடங்கிவிட்டான். அவளுடைய கணவன், வங்கியில் வேலை, கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பான்.

"எனக்கு வங்கிக்குப் போன் வருது, உங்கட மனுசி பெட்டி படுக்கையோட வெளிக்கிட்டிட்டா எண்டு. சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

"உங்களைப் பற்றி நினைக்க இதில என்ன இருக்கு? சுமந்தது நான்."

"அதுதான் சொல்லுறன். மனுசியைச் சுமக்க விட்டிட்டு மோட்டார் சைக்கிளில திரியிறான் எண்டு சொல்லாதோ?"

நடக்க வேண்டாம் என்று அவன் ஒரு தரமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவன் செய்தது அதைவிட மோசம். அடுத்த நாளே கிண்ணியா அஸாமுடைய வாடகை வானைப் பேசிவிட்டான். மலைக்கு மாமி, மகள் என்று குடும்பமே போகுமாம். ரோட்டு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் வான் போகுமாம். ஆசைப்பட்டால் அவள் இறங்கி "ஒரு சொட்டு" நடக்கலாமாம், வான் பின்னால் மெதுவாக வருமாம்!

மாமி புஸ்பராணிக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. காஸ் அடுப்பும் கிடாரமும் குசினியிலிருந்து விறாந்தைக்கு வந்துவிட்டன. "அங்க கடைச் சாப்பாடு சரிவராது பிள்ளை, நாங்களே புட்டு அவிப்பம். என்ட பெரியக்காவையும் கூப்பிடுவம், அவவும் குளிரைக் கண்டதில்லை. உன்ட சிநேகிதியும் வரட்டும், அவவுக்கு ஹலாலா வேற சட்டி கொண்டு போவம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மாமி அன்பில்தான் சொல்கிறா. அதுதான் கோபத்தைக் காட்டவும் விடவில்லை. லோஜினி பல்லைக் கடித்துக்கொண்டு தன் பாட்டில் பையை அடுக்கி, அறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். நிப்லாவும் அடுக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை மாத்தளை பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறுவது. யார் வானில் போனாலும் போகட்டும்.

வியாழன் பின்னேரம் அதைச் சொன்னபோது சிவரூபன் கண்ணாடியைக் கழற்றினான்.

"வானைக் கொண்டுவந்து வாசல்ல விட, பஸ்ஸில தொங்கிப் போய், பையைச் சுமந்து, காட்டுக்க படுப்பாய். நடக்கிறதுக்கு நீ என்ன இன்னும் அகதியோ?"

சொல்லிவிட்டான்! குசினியில் மாமியின் அகப்பைச் சத்தம் நின்றது.

"ஓம், நடந்தனான்," என்றாள் லோஜினி. "ரெண்டாயிரத்து ஆறில ஈச்சிலம்பற்றில இருந்து வெருகல் ஆறு கடந்து வாகரைக்கு நடந்தனான். அதே வருசம் நிப்லா மூதூரில இருந்து கந்தளாய்க்கு நடந்தவ. ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூட வயசு. எங்க போறம், எங்க படுக்கிறம், எப்ப குந்தியிருக்கலாம், ஒண்டும் எங்கட கையில இல்ல. பின்னுக்கு ஷெல் விழுந்தா ஓடினம், விழாட்டி நடந்தம். அண்டைக்கு ஆர் எனக்கு வான் பிடிச்சவங்க? இண்டைக்கு நானா நினைச்சு, நானா நாள் பாத்து, களைச்ச இடத்தில குந்தியிருந்து ஒரு மலையைப் பாக்கப் போறன். அதுக்கும் ஒரு வான் துரத்திக்கொண்டு வர வேணுமோ?"

சிவரூபன் பட்டினத்துக்காரன். ஷெல் சத்தத்தைத் தூரத்தில் கேட்டவன். கழற்றின கண்ணாடியைத் திரும்பப் போட்டான். ஆனால் ஆம்பிளை, உடனே இறங்கிவர ஏலாதே! கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்துத் தூக்கிப் பார்த்தான்.

"சரி, நட. ஆனா இந்தப் பாரத்தோட ஏறுவியோ? அப்பிடி என்னத்தை அடைஞ்சு வச்சிருக்கிறாய்?"

கட்டிலில் தலைகீழாகக் கவிழ்த்தான். உடுப்பு விழுந்தது. பிஸ்கட், டோர்ச், காலுறை, சவர்க்காரம் விழுந்தன. கடைசியாக, பையின் அடியில் கிடந்த ஒரு பொலித்தீன் கட்டு தொப்பென்று விழுந்தது. தண்ணீர் போகாதபடி இரண்டு பொலித்தீன், மேலே இறப்பர் வளையம்.

காணி உறுதிப் பத்திரம். கலியாணப் பதிவு. மகளின் பிறப்புச் சான்றிதழ். ஒரு சின்னத் துணியில் முடிந்த சங்கிலியும் காப்பும்.

"மலைக்கு ஏன் காணி உறுதி?" என்று கேட்டான் சிவரூபன். அவன் பகிடி பண்ணவில்லை. உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை.

லோஜினிக்கும் விளங்கவில்லை. பை வாங்கியது நினைவிருக்கிறது. அலுமாரியைத் திறந்தது நினைவிருக்கிறது. காலுறையைத் தேடியதுகூட நினைவிருக்கிறது. இதை எடுத்தது மட்டும் நினைவில்லை. பையைக் கண்டதும், ஓடின நாட்களில் போலவே, கை தன் பாட்டில் போய் முதலில் இதை எடுத்து அடியில் வைத்திருக்கிறது.

அவள் போனை எடுத்து நிப்லாவை அழைத்தாள்.

"நிப்லா, உன்ட பைக்கு அடியில என்ன இருக்கு?"

"என்ன இரிக்கப் போகுது? உடுப்புத்தான்."

"கையை விட்டுப் பார்."

சிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஏதோ சரசரத்தது.

"யா அல்லாஹ்," என்றாள் நிப்லா. "வீட்டு உறுதி, லோஜி. புள்ளைகள்ட சேர்ட்டிபிக்கட்டும் இரிக்கி. நான் எப்ப இத வெச்ச?"

லோஜினிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நாசமாப் போவாங்கள்! மலை பாக்கப் போற பையிலயும் உறுதியைக் கட்ட வச்சிட்டாங்கள் பாத்தியா? எடு வெளியில. எடுத்து அலுமாரிக்க வை. நானும் வைக்கிறன்."

அவள் கட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பைக் கொண்டுவந்து சிவரூபனின் உள்ளங்கையில் வைத்து, அவனுடைய விரல்களை மடித்து விட்டாள்.

"இது உங்களிட்ட இருக்கட்டும். நான் திரும்பி வாறதுக்குத்தான் போறன்."

அவன் திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமி வந்து, சிதறிக் கிடந்த உடுப்பை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினா.

சிவரூபன் போனை எடுத்தான். "அஸாம், நாளைக்கு வான் வேணாம்."

"ஏன் அண்ணன், பயணம் இல்லையா?" அஸாமின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பயணம் இருக்கு," என்றான் சிவரூபன். "என்ட மனுசி நடந்து போறா."