கம்பவுண்டரின் பழுப்பு வளையம்

என் அப்பா எதைக் கையில் எடுத்தாலும் குலுக்குவார். இருமல் மருந்தைக் குலுக்குவது அவர் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேனா, டார்ச் லைட், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், வெறும் தண்ணீர் பாட்டில் எதுவுமே ஒரு குலுக்கல் வாங்காமல் அவர் கையை விட்டுப் போனதில்லை. நான் பிறந்த அன்று என்னை அவர் கையில் கொடுத்த நர்ஸ் பதறிப்போய் உடனே திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர். மருந்துக்கடை அவருடையது. அப்படியிருக்க, டிப்ளமோ இல்லாதவர் இனி மருந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்து தொலைத்தது. அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா என்று கொஞ்ச நாள் கத்திப் பார்த்தார். பிறகு நான் சேர்ந்த கல்லூரியில், என் வகுப்பிலேயே, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்கு டிப்ளமோ முடிந்ததும் வெளியூருக்குப் போய் மேலே படிக்க வேண்டும். அப்பா தேறினால் கடை அவர் பேரில் ஓடும், நான் கிளம்பிவிடலாம். அவர் கோட்டைவிட்டால் கல்லாவுக்குப் பின்னால் காலம் முழுக்க நிற்கப் போவது நான்தான். சட்டம் கொடுத்த கெடு இந்தத் தேர்வோடு முடிகிறது, அவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. அதனால் அப்பாவின் படிப்பில் நான் காட்டிய அக்கறையைப் பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

எழுத்துத் தேர்வையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டார். மிச்சம் இருந்தது வேதியியல் செய்முறை. ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொடுப்பார்கள். அதில் இருக்கிற அயனி எது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். எது வந்தாலும் சமாளிப்பார், நைட்ரேட் மட்டும் வரக் கூடாது. உப்புக் கரைசலில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைச் சோதனைக்குழாயின் உட்சுவர் வழியாக மெல்ல இறக்கினால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் வரும். ரொம்ப ரோஷக்கார வளையம். ஆட்டினால் போய்விடும்.

வீட்டில் பயிற்சி கொடுத்தேன். கண்ணாடிக் குப்பியில் கீழே இருமல் மருந்து, மேலே தண்ணீர். கலக்காமல் கடையிலிருந்து வீடுவரை கொண்டு வர வேண்டும்.

"கலங்கலா இருக்கேப்பா!"

"வழியில ஒருத்தர் வணக்கம் சொன்னாரும்மா."

"அதுக்கு?"

"நானும் சொன்னேன். அந்தக் கையிலதான் குப்பி இருந்துச்சு."

தேர்வு நாளில் எனக்கு முன் மேசை அப்பாவுக்கு. வெளியிலிருந்து வந்த பெண் தேர்வாளர் சிரித்தே பழக்கமில்லாத முகத்தோடு பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அப்பா இரும்பு சல்பேட்டைக் கரைப்பதைப் பார்த்தேன். அவருக்கு வந்திருப்பது நைட்ரேட்டேதான்.

ஆனால் வளையம் வந்தது. அழகாக, மெல்லிசாக வந்தது. அப்பா குழாயை ஸ்டாண்டிலிருந்து தூக்கி, "மேடம்!" என்றார். தேர்வாளர் எதிரே வந்து நின்றார். கல்லாவுக்கு எதிரே ஆள் வந்து நின்றால் அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் தெரியும். நன்றாக ஒரு குலுக்கு குலுக்கி நீட்டினார்.

"சாப்பிட்டப்புறம் ரெண்டு ஸ்பூன்."

தேர்வாளர் ஓரடி பின்னால் போனார். "சார், அதுல கந்தக அமிலம் இருக்கு! முதல்ல கீழ வைங்க!"

சுட்ட கையை உதறிக்கொண்டே அப்பா குழாயை வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வளையம் இருந்துச்சு மேடம்."

"நான் பாக்கலையே. பாக்காம மார்க் போட முடியாது. உப்பு மிச்சம் இருக்கா?"

பொட்டலத்தை உதறியதில் ஒரு சிட்டிகை தேறியது. அப்பா அதை வேறு குழாயில் இரும்பு சல்பேட்டோடு கரைத்து ஸ்டாண்டில் நிறுத்தி, சொட்டுக்குழாயால் அமிலத்தை ஒவ்வொரு சொட்டாக இறக்கினார். இறக்கி முடித்ததும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பைக்குள்ளே வலது கை குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. என் கை அதுபாட்டுக்கு என் விடைத்தாளில் எழுதிக்கொண்டிருந்தது, கண் முழுக்க அந்தக் குழாயில். பழுப்பு மெல்லக் கட்டியது. தேர்வாளர் குனிந்து பார்த்தார்.

"இங்க என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"இரும்பு தன்னோட எலக்ட்ரானைக் கொடுத்துச்சு, நைட்ரேட் வாங்கிக்கிச்சு மேடம். கொடுத்தவருக்கு ஆக்சிஜனேற்றம், வாங்கினவருக்கு ஒடுக்கம். வாங்கினவர் நைட்ரிக் ஆக்சைடா மாறி, மிச்சமிருந்த இரும்பைப் போய்க் கட்டிக்கிட்டார். அதான் பழுப்பு."

தேர்வாளர் சிரித்தேவிட்டார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நான் வெளியூர் போகிறேன்!

முடிவு வந்தபோது பட்டியலில் அப்பாவின் எண் இருந்தது. என் எண் இல்லை.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் விடைத்தாளை விரித்துக் காட்டினார். சோதனை எல்லாம் சரி. வெள்ளி நைட்ரேட்டை ஊற்றியதும் தயிர்போல வெள்ளை வீழ்படிவு, அமோனியாவில் அது கரைந்தது. குளோரைடு என்று பச்சைக்குழந்தைகூடச் சொல்லும். கடைசி வரியில் நான், 'உப்பில் உள்ள அயனி நைட்ரேட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன்.

மேல்படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. கடைக்குப் போய் அப்பாவை ஒரு பிடி பிடிப்பது என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். எரிச்சல் தாங்கவில்லை. அவர் தேறியதில் சந்தோஷமாகவும் இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பா கல்லாவில் இருந்தார். சேதி அவருக்கு முன்பே வந்துவிட்டது.

"நைட்ரேட் என்னோடதாச்சேம்மா. உன் தாளுக்கு எப்படி வந்துச்சு?"

"உங்களையே பாத்துட்டு எழுதிட்டேன்."

ஒரு வாடிக்கையாளர் வந்தார், மருந்து வாங்கிக்கொண்டு போனார். காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவை நீ பரீட்சைக்குப் போறப்ப நான் காலேஜ் பக்கமே வரமாட்டேன்."

"ஏன்?"

"அன்னிக்காவது நீ உன் குழாயைப் பாரு."