சும்மா இருக்கத் தந்த காசு

செல்வரட்ணம் சும்மா இருப்பதில் பெயர் எடுத்தவர். கனடாவில், மில்லிக்கனில் அவருடைய வீட்டு வாசலில் பனி முழங்கால் மட்டும் குவிந்தாலும் சோபாவை விட்டு அசையமாட்டார். அள்ளுவது மனைவி பாலேஸ்வரிதான். குடித்த தேத்தண்ணிக் கோப்பை குடித்த இடத்திலேயே கிடக்கும். அப்பேர்ப்பட்ட மனுசன் தொண்ணூற்றைந்தில், பிக்கரிங்குக்கும் அப்பால் ஒன்றரை மணித்தியாலம் காரோடிப் போகிற தூரத்தில், பத்து ஏக்கர் காணி வாங்கினார். மச்சான் யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கிவிட்டான். வேறு காரணம் தேடவேண்டாம்.

காணியில் பாதி சதுப்பு, மீதி இடுப்பளவுக்குப் புதர் மண்டிய பத்தை. வங்கிக்கு மாதாமாதம் கட்டுகிற காசு கழுத்தை நெரித்தது. விற்கத்தான் வேண்டும் என்றிருந்தபோது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கவுண்டிக் கந்தோரிலிருந்து, அதுதான் உள்ளூர் அரசாங்க அலுவலகத்திலிருந்து, ஒரு கடிதம். சதுப்பையும் பத்தையையும் தொடாமல் தவளைக்கும் காட்டு வாத்துக்கும் விட்டுவைக்கிற காணிக்காரருக்கு அரசாங்கம் வருடாவருடம் உதவிப்பணம் கொடுக்குமாம். வங்கிக் கடனைக் கட்ட அது காணும். ஒன்றும் செய்யாமல் இருக்கக் காசு! படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, கனடாவைப் போல ஒரு நாடு உண்டா என்று கண்டவரிடமெல்லாம் கேட்டார். மச்சானிடம் இரண்டு தரம் கேட்டார்.

அடுத்த யூனில் இன்னொரு கடிதம். திங்கட்கிழமை அதிகாரி காணி பார்க்க வருகிறார், பார்த்த பிறகுதான் காசு.

அங்கேதான் பிடித்தது சனி.

"பத்தை பிடிச்ச காணியை ஆபீசருக்குக் காட்டுறதே?" என்றார் செல்வரட்ணம்.

"ஐயோ, உந்தப் பத்தைக்குத்தானேயப்பா காசு தாறாங்கள். பேசாமல் இருங்கோவன்" என்றாள் பாலேஸ்வரி.

"உனக்கு உது விளங்காது. தமிழன் காணி வைச்சிருக்கிற லட்சணத்தைப் பார் எண்டு நினைக்கமாட்டாங்களே?"

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றாலே முற்றம் கூட்டுகிற சனம் நாங்கள். வருவது அரசாங்க ஆள் என்றால் கேட்கவும் வேண்டுமா?

சனிக்கிழமை விடிய, கூட வேலை செய்கிற நவரட்ணத்தையும் வாடகைக்கு எடுத்த புல்வெட்டும் மெசினையும் ஏற்றிக்கொண்டு போனார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் என்றுதான் தொடங்கினார்கள். ஓரம் துப்புரவானதும் நடு அசிங்கமாகத் தெரிந்தது. நடுவையும் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் வெட்டி, சதுப்புத் தண்ணீரை றோட்டோரம் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் இறக்கினார்கள். தண்ணீரோடு தவளைகளும் போயின. பின்னேரம் பார்த்தால் காணி கோயில் வீதி மாதிரிக் கிடந்தது. செல்வரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே பெருமைப்பட்டார், பாவம்.

திங்கட்கிழமை, முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து இறங்கினாள். வரைபடத்தைப் பார்த்தாள், காணியைப் பார்த்தாள், திரும்பவும் வரைபடத்தைப் பார்த்தாள். பிழையான காணிக்கு வந்துவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டாள். செல்வரட்ணம் சிரித்தபடி அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வாய்க்காலைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. படிவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தாள். சதுப்பு இல்லாத காணிக்கு உதவிப்பணம் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக நின்றார் மனுசன். இனிக் காணியை விற்கத்தான் வேண்டும். மச்சான் சிரிக்கத்தான் போகிறான்.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிவிட்டு, சோபாவில் விழுந்தார். இடுப்பு முறிந்தது போல நோ. கொஞ்சம் தேத்தண்ணி தரச்சொல்லிக் கேட்டார்.

பாலேஸ்வரி எழும்பவில்லை.

"இருவது வருசமா இந்த வீட்டிலை ஒரு கோப்பை கழுவியிருப்பியளே? சும்மா இரு, காசு தாறன் எண்டு கவண்மேந்து சொன்ன பிறகுதான் உங்களுக்கு வேலை செய்ய வந்தது!"