கரையில் நின்ற சிவப்புச் சால்வைக்காரி

பேதுரு வரைந்த கடலில் நீர் பெருகும்போது, படச் சட்டத்தின் கீழ்விளிம்பால் தண்ணீர் சொட்டும். டென்மார்க்கின் வைலே நகரத்து வீட்டின் வரவேற்பறையில் அதற்கென்றே ஒரு வாளி வைத்திருந்தாள் அவருடைய மனைவி மேரிசெலின். மன்னாரிலிருந்து வந்து, தொழிற்சாலை வேலையில் முதுகு பழுதாகிப் பென்சன் எடுத்த பேதுரு, பழைய காலத்து ஓவியர்களைப் போல இயற்கைக் காட்சிகளை மட்டுமே வரைந்தார்: சரிந்த ஓக் மரங்கள், புயலுக்கு முந்திய வானம், அதன் கீழே முதுகு காட்டி நிற்கும் நகத்தளவு மனிதர். அவர் படங்களை வாங்கிய டேனிஷ்காரர் வீடுகளில் விடிகாலையில் மூடுபனி இறங்கியது. ஒருவரும் படத்தைத் திருப்பித் தரவில்லை. மேரிசெலினுக்கும் மூடுபனியோடு பிரச்சினையில்லை. வரவேற்பறைக் கடலின் கரையில் இருபது வருடமாக நிற்கும் சிவப்புச் சால்வைக்காரியோடுதான் பிரச்சினை.

“ஆர் இவள்?”

“ஒருத்தியுமில்லையப்பா. வானம் எவ்வளவு பெரிசெண்டு காட்ட ஒரு ஆள் வேணும்.”

“அதுக்கு இடுப்பை ஏன் இவ்வளவு கவனமாக் கீறினனீங்கள்?”

பேதுரு தூரிகையைக் கழுவப் போய்விட்டார். “எனக்குக் காய்ச்சலெண்டால் இவருக்கு மாத்திரை எங்க இருக்கெண்டே தெரியாது. அவளின்ரை தலையில தூசி துடைக்கிறார்” என்று கோயில் சிநேகிதி செலீனாவிடம் குமுறினாள் மேரிசெலின். “நகத்தளவுக்கே இந்தப் பாடெண்டால், ஆளளவில கீறியிருந்தால் என்னடி செய்வாய்?” என்று செலீனா சிரித்தாள். ஓகூஸ் நகரத்தில் இருந்து ஒரு கண்காட்சிக்காரர் வந்து அந்தப் படத்தை நல்ல விலைக்குக் கேட்டபோது, “இதை மட்டும் தரேலாது” என்றார் பேதுரு. அதோடு மேரிசெலினின் பொறுமை தீர்ந்தது.

அடுத்த ஞாயிறு தலையிடி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் நின்றவள், கைப்பையோடு சோபாவில் ஏறிச் சட்டத்துக்குள் கால் வைத்தாள். தண்ணீர் முழங்கால் வரை குளிர்ந்தது. கரையேறி, கிட்டப் போனால் தன் உயரமே இருந்த சால்வைக்காரியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். முன்பக்கம் வெறும் ஓவியத்துணி. வெளியே தெரிவதை மட்டுமே பேதுரு வரைந்திருந்தார். அறைவதற்குக்கூடக் கன்னம் இல்லை. ஆனால் மேரிசெலினுக்குப் பதில் வேண்டும். முதியோர் இல்ல வேலையில் மூதாட்டிகளுக்குப் பூசிப் பழகிய கை, லிப்ஸ்டிக்கை எடுத்து ஒரு வாய் வரைந்தது.

“சொல்லு, என்ரை மனுசனோட உனக்கென்ன?”

“உம்மட மனுசனோ? இருபது வருசமா நிக்கிறன். ஒரு கதிரை கீறித் தரேல்லை!”

“எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பாரெண்டோ நினைக்கிறீர்?” என்றாள் மேரிசெலின், தன்னையறியாமல்.

பூசை முடிந்து பேதுரு வந்தபோது, மனைவி சமையலறைக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு படத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தாள். இப்போது ஞாயிறுதோறும் பெண்கள் இருவரும் வானத்தைப் பார்த்தபடி இருந்து சிரிக்கிறார்கள். பேதுருவும் காலைத் தூக்கிப் பார்த்தார்; அவருக்குத் துணிதான் தட்டுப்பட்டது. “என்னைப் பற்றியோ கதைக்கிறியள்?” என்று கேட்டால் இரண்டு முதுகும் திரும்புவதில்லை. மேசைக்கிருந்த இரண்டு கதிரைகளும் கரையிலேயே கிடப்பதால், அவர் மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.