சுவிட்ச் எந்தத் தலைமுறை

கடையைப் பிரிப்பது என்று முடிவானபோது பேச்சு எளிதாகத்தான் இருந்தது. பழைய தலைமுறை கேம் கன்சோல்கள் அண்ணன் குகனோடு கிள்ளானில் அவன் திறக்கும் கடைக்குப் போகும். பிளேஸ்டேஷன் ஃபைவ் முதலான புதிய தலைமுறை என்னோடு பிரிக்பீல்ட்ஸ் கடையிலேயே இருக்கும்.

குகன் முதலில் கை வைத்தது சுவிட்ச் கன்சோல்கள் இருந்த அடுக்கில். எங்களிடம் அதிகம் விற்பது அதுதான்.

"இது எட்டாம் தலைமுறை, பழசு, ஷாமினி. ரிலீஸ் வருஷம்தான் கணக்கு. பிளேஸ்டேஷன் ஃபைவ் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே இது வந்துருச்சு லா. அப்ப இது எனக்கு."

நேற்றுவரை அதையே "புது ஜெனரேஷன், பாஸ்" என்று சொல்லி விற்ற வாய் அது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன். வருஷம் என்றால் வருஷம்.

அடுத்து எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெட்டிகளையும் தூக்கினான்.

"அது பிளேஸ்டேஷன் ஃபைவ் வந்த அதே மாசம் வந்தது. அது என்னோடது," என்றேன்.

"வருஷத்த மட்டும் பார்த்தா ஆச்சா? இதுல பவர் கம்மி. முன்னாடி வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்கூட இதைவிட நல்லா ஓடும். அதனால இதுவும் பழசுதான்."

"சுவிட்சுக்கு வருஷம், இதுக்கு மட்டும் பவரா?"

"அண்ணன் சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு என்ன தெரியும்?"

கன்சோலைப் பிரித்துப் பழுது பார்ப்பது நான். வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவதும் நான். இவன் சாயங்காலம் வந்து கல்லாவில் உட்காருவான்.

"பெட்டிய வச்சிட்டு கடைச்சாவிய குடு," என்றேன். "நீ எனக்கு அண்ணன்ங்கிறதே ரிலீஸ் வருஷத்தால மட்டும்தான்."