கிழக்கே திரும்பிய கால்கள்

கால் செய்யும் மாஸ்டரை அவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிய மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஊரிலிருந்த நாற்பத்தொரு செயற்கைக் கால்களும் கிழக்கே திரும்பி நின்றன. பத்து நிமிடம் நின்றுவிட்டுப் பழையபடி நடந்தன. அன்றுதான் பேருந்துக் கட்டணமும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது. எட்டு மணி மாஸ்டர் பட்டறையைத் திறக்கும் நேரம். கிழக்கு அவர் நாடு இருக்கும் திசை. மருத்துவர் ஒவ்வொரு திருகாகச் சோதித்து, கால்களில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். குறை எங்கே என்பது பட்டறை முதலாளிக்கு மட்டும் தெரியும்.

மாஸ்டர் அவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தார். அளவெடுத்து முடித்ததும் வீட்டாரைத் தனியே அழைத்து, "கோவம் வந்தா இவங்க எப்படி நடப்பாங்க?" என்று கேட்பார், அந்த நடைக்குத்தான் காலைச் செதுக்குவார். முதலாளியின் மனைவிக்கு விபத்தில் இடது கால் போனபோதும் அதே கேள்வி வந்தது. "தரை அதிர நடப்பா," என்றார் முதலாளி. அந்தக் கால் இன்றுவரை தரை அதிரத்தான் நடக்கிறது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாஸ்டரின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கைதேர்ந்த தொழிலாளி என்றால் பதினான்கு பக்கம் நிரப்பிச் சான்றுகள் வைக்க வேண்டும். உதவியாள் என்றால் ஒரே பக்கம். முதலாளி சோம்பல்பட்டு ஐந்து முறையும் உதவியாள் என்றே எழுதினார். காட்டிய இடத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டம் மாறியது: உள்ளூரில் கிடைக்காத கைத்திறன் உள்ளவர்கள் இருக்கலாம், உதவியாட்கள் போகலாம். முதலாளி மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி பழைய தாள்களைப் பரப்பி, "உதவியாள்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்ப எழுதினது பொய்யா?" என்றார். பொய் என்றால் பட்டறைக்கு இரண்டு வருடம் பூட்டு. பக்கத்து நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்திருக்க, முதலாளி, "இல்லைங்க, உதவியாள்தான்," என்றார். ஊரைவிட்டுப் போகும் நாளில் மாஸ்டர், மழைக்காலத்தில் யார் யாருக்குக் காலைக் கட்டும் வாரைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பட்டறை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முதலாளியின் மனைவி பெயர்தான் அதில் முதலில் இருந்தது.

மாஸ்டர் இடத்துக்குச் சான்றிதழோடு வந்த உள்ளூர் ஆட்கள் இருவரும் நல்லவர்கள், உழைப்பாளிகள். அவர்கள் செய்த கால்கள் எங்கும் திரும்பவில்லை. நடக்கவும் இல்லை, மேசைக்கு முட்டுக் கொடுப்பதுபோல நின்றன.

வீட்டில் அடுப்பும் சாப்பாட்டு மேசையும் மேற்குச் சுவரோரம். அதனால் தினமும் எட்டு மணிக்கு மனைவி முதலாளிக்கு முதுகைக் காட்டி நின்றாள். நாற்பதாம் நாள் அவர் அந்த முதுகிடம் உண்மையைச் சொன்னார்.

"அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டேவா சொன்னீங்க?"

"ம்."

"என் காலைச் செஞ்ச மனுசனை எடுபிடின்னுட்டு, எப்படிங்க சோறு இறங்குச்சு?"

"பட்டறையைப் பூட்டிருவாங்கடி."

"பூட்டட்டும். போய்ச் சொல்லிட்டு வாங்க. மூஞ்சியப் பாக்குறதெல்லாம் அப்புறம்."

போய்ச் சொன்னார். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அந்த ஆட்கள் இருவருக்கும் ஒரு தச்சரிடம் வேலை பிடித்துக் கொடுத்தார். இன்று அவர்களுடைய நாற்காலிகளுக்கு நல்ல பெயர். மழை வந்ததும் மாஸ்டரின் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், மண்டியிட்டு வாரைத் தளர்த்தினார். மண்டியிட்டபடி மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று கண்டுகொண்டார். பதினான்கு பக்கத்தையும் நிரப்பினார். 'தொழிலாளியின் திறன்' என்ற கட்டத்தில் நாற்பத்தொரு பேரின் கோபநடையையும் எழுத, இடம் போதாமல் தனித்தாள் இணைத்தார். பூட்டுக்காலம் முடிந்ததும் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

கால்கள் இன்னும் திரும்புகின்றன. நடத்துநருக்கும் மாஸ்டர் செய்த கால் என்பதால், எட்டு மணிப் பேருந்தை எட்டு பத்துக்கு என்று மாற்றிவிட்டார்கள். ஒருநாள் காலை, சட்டி கழுவிக்கொண்டிருந்த முதலாளியின் இரண்டு கால்களும், பிறவிக் கால்கள்தான், தாமாகக் கிழக்கே திரும்பின. அவர் தலையைக் குனிந்துகொண்டு மனைவி பக்கத்தில் நின்றார். அவள் குனிந்து அவர் பாதங்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இடிக்குது," என்றாள்.

அந்த வாரமே அடுப்பையும் மேசையையும் கிழக்குச் சுவருக்கு மாற்றிக்கொண்டார்கள்.