ஆறே முக்கால் மணி இரைச்சல்

என் மாப்பிள்ளைக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், எந்தக் குமிழைத் திருகினால் பாடும், எதைத் திருகினால் நிற்கும் என்பது வரைக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வில்லையின் ஓரத்தைத் தேய்க்கிற ஆள். ரொம்பப் பொறுமைசாலி என்று கடை முதலாளி சொன்னாராம். வேறு எதுவும் சொல்லத் தோன்றாதவனைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள். கல்யாணமான ஆறாம் மாதமே பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். எனக்கு ஒரே மகள் என்பதால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வரவேற்றேன். வீட்டோடு மாப்பிள்ளை என்றாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. இன்றுவரை வாங்க, போங்க என்றுதான் பேசுகிறேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது பழைய சைக்கிள் ரிம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். ரேடியோவுக்கு ஏரியல் கட்டப் போகிறாராம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கோ ஒரு கடற்கரை ஊர் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்து ரயில் ஏறிப் போய்விட்டாள். மூன்று மாதத் தற்காலிகம். தினமும் மாலை ஆறே முக்காலுக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கான வானிலையையும் சந்தை விலையையும் வாசிக்க வேண்டும், பதினைந்து நிமிடம். போகாதே என்று சொன்னேன். உன் குரலைக் கேட்கவா ஜனங்கள் ரேடியோ வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். மனதில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. தொலைபேசி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கூப்பிடுவதும் இல்லை. கடிதமெல்லாம் மாப்பிள்ளைக்குத்தான்.

அந்த வாரம் வந்த கடிதத்தை அவர் சாப்பாட்டு மேஜையில் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். எனக்கில்லை, இருந்தாலும் எனக்குக் காது இருக்கிறது. நிலையப் பொறுப்பாளர் இவள் வாசிப்பில் ஏதோ ஒன்று குறைகிறது என்கிறாராம். என்னவென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லையாம். மாதக் கடைசியில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி நழுவுகிறார்களாம். நீங்களாவது ஒரு நாள் அங்கிருந்து கேட்டு, என்ன தப்பு என்று ஒளிக்காமல் எழுதுங்கள், இந்த வேலை போனால் எனக்கு இன்னொன்று கிடைக்காது என்று எழுதியிருந்தாள்.

எனக்கு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டது போல இருந்தது. மாதக் கடைசிக்கு இருபதே நாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாக வந்து வாசலில் நிற்பாள். வந்துவிட்டாயா என்று மட்டும் கேட்க வேண்டும், வேறு எதுவும் கேட்கக் கூடாது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ரேடியோவில் அந்த நிலையம் எடுக்காது. அவ்வளவு தூரம். முள்ளை அந்த இடத்துக்குக் கொண்டுபோனால் இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுவது போல ஏதோ கேட்கும், ஆணா பெண்ணா என்று கூடச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை எந்தப் பத்திரிகையிலோ படித்திருக்கிறார். கம்பியை வளையமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, அதன் இரண்டு முனையையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, நிலையம் மாற்றத் திருகுகிற கண்டென்சரில் இணைத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் சும்மா நிறுத்தி வைத்தால் போதுமாம். கண்டென்சரைத் திருகத் திருக, வளையம் வானத்திலிருந்து நிலையத்தை வாரிக் கொடுக்குமாம்.

அது உண்மைதான். மின்சார இலாகாவில் முப்பத்தோரு வருடம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு அது தெரியாதா? எனக்கு இன்னொன்றும் தெரியும். இரும்பு ரிம்மில் சுற்றினால் உருப்படாது. ரிம் என்பது மூடிய உலோக வளையம். கம்பியில் பிறக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரத்தையும் அதுவே தின்றுவிடும்.

"மாமா, இந்த ரிம்முல பள்ளம் இருக்கிறதால கம்பி நழுவாம..." என்று ஆரம்பித்தார்.

"சுத்துங்க மாப்பிள்ளை, நல்லா சுத்துங்க" என்றேன்.

அவர் பேச்சை நான் முழுசாகக் கேட்பது கிடையாது. முதல் இரண்டு வார்த்தையிலேயே கடைசி வார்த்தை என்னவென்று தெரிந்துவிடும் ஒரு மனிதரிடம் எதற்காக உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டும்?

ஆறு நாள் சுற்றினார். சுற்றுவார், திருகுவார், காதை வைத்துக் கேட்பார், பிரிப்பார். மறுபடி சுற்றுவார். வில்லை தேய்க்கிற விரல்கள் அல்லவா, ஒவ்வொரு சுற்றும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பயன்தான் பூஜ்யம். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல வேடிக்கை பார்த்தேன். இத்தனை நாள் ஓய்வில் இப்படியொரு பொழுதுபோக்கு எனக்குக் கிடைத்ததில்லை. ஏழாம் நாள் காலையில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சைக்கிள் ரிம்மில் ஏரியல் கட்டுகிற விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏன் எடுக்காது என்ற காரணத்தையும் விளக்கமாகச் சொன்னேன்.

அடுப்படியில் என் மனைவி இருந்தாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக நான் சொல்கிற எதையும் காதில் வாங்காதவள் இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் வாங்கியிருக்கிறாள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"இரும்பு ஆகாதாம் மாப்பிள்ளை, மரத்துல சுத்தணுமாம். மாமாவுக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் ஒரு மரியாதை வந்திருக்கும். அதுவும் இல்லை. ரிம்மை எடுத்து வெளியே சாய்த்து வைத்துவிட்டு, பரணிலிருந்து உடைந்த கட்டிலின் சட்டம் இரண்டை இறக்கினார். சூடு சொரணை என்பதெல்லாம் சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

இரண்டு சட்டத்தையும் பெருக்கல் குறி மாதிரி ஆணியடித்து, நாலு முனையிலும் வெட்டுப் போட்டு, இரண்டடிச் சதுரமாகக் கம்பியைச் சுற்றினார். அதற்கு நாலு நாள். கீழே ஒரு மரக்கட்டையில் குத்தி, திருப்புகிற மாதிரி நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்டென்சரைத் திருகினார். அதுவரை கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நிலையம் சட்டென்று எழுந்து அறை முழுக்கப் பேசியது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பேப்பரைப் புரட்டினேன். குருட்டு அதிர்ஷ்டம்.

என் நம்பிக்கை வீண்போகவில்லை. அன்று மாலை ஆறே முக்காலுக்கு முள்ளை மகளின் நிலையத்தில் வைத்ததும், ரம்பத்தால் தகரத்தை அறுப்பது போல ஒரு இரைச்சல். வளையம் நிலையத்தை மட்டுமா வாரும், குப்பையையும் சேர்த்துத்தான் வாரும். அதைத் திருப்பினால் இரைச்சல் அடங்கியது, கூடவே அவள் குரலும் அடங்கியது. இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தால் அப்படித்தான். மறுநாளும் அதே இரைச்சல், அதற்கு மறுநாளும் அதேதான். மத்தியானத்தில் கிடையாது. சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான். தெருவில் எவனோ வெல்டிங் பட்டறை வைத்திருப்பான் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் மாலை கூடத்தில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை ரேடியோவை நீள வயரில் மாட்டி கூடத்தின் ஒரு மூலையில் வைத்து, வளையத்தை மெல்லத் திருப்பி, இரைச்சல் எந்தப் பக்கம் உச்சத்துக்குப் போகிறதோ அந்தப் பக்கமாகத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு எல்லாவற்றையும் எதிர் மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து இன்னொரு கோடு. கழுவித் துடைத்த தரையில் கோடு கிழித்து விளையாடுகிறவருக்கு என் மனைவி குனிந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். இரண்டு கோட்டையும் அவர் நீட்டிக்கொண்டே வந்தார். இரண்டும் நடையைத் தாண்டி, நான் நின்றுகொண்டிருந்த என் அறை வாசற்படிக்கு அடியில் நுழைந்தன.

"மாமா, உங்க ரூம் லைட்டை ஒரு நிமிஷம்..." என்றார்.

"என் ரூம்ல என்ன இருக்கு? வயரிங் முழுக்க நான் பண்ணினது" என்றேன்.

கண்ணில் புரை எடுத்ததிலிருந்து எனக்குப் பளிச்சென்ற விளக்கு ஆகாது. அதனால் டிம்மர் ஒன்றை வாங்கி என் கையாலேயே பொருத்தியிருந்தேன். ஆறரை மணிக்கு அதைத் திருகி வெளிச்சத்தைப் பாதியாகத் தணிப்பேன். இந்தத் தெருவில் அப்படியொன்று வேறு யார் வீட்டிலும் கிடையாது. முப்பத்தோரு வருடம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவனிடம், கண்ணாடி தேய்க்கிறவர் சாக்கட்டியோடு வந்து உன் விளக்கில் கோளாறு என்கிறார். அவர் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்பதற்காகவே போய்ப் பட்டென்று அணைத்தேன்.

இரைச்சல் நின்றது. குழாயை மூடியது மாதிரி நின்றது.

திரும்பவும் போட்டேன். வந்தது. அணைத்தேன். நின்றது. டிம்மர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் வெளிச்சத்தைத் தணிக்கிறது. ஒவ்வொரு நறுக்கும் வீட்டு வயர் முழுக்க ஓடும், ரேடியோவில் போய் விழும். படித்தவன்தான் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக அந்த இடத்தில் அறுத்துக்கொண்டிருந்த ரம்பம் நான் பொருத்தியது. அந்த மனிதர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து, வளையத்தைத் திருப்பி நிறுத்தினார். என் மகள் பேசினாள்.

நான் இருட்டுக்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். அது என் கைவந்த கலை.

குரல் நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போதும் கசக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது. கனமும் இருந்தது, தெளிவும் இருந்தது. வடகிழக்கிலிருந்து காற்று என்று ஆரம்பிக்கும்போது கடலோரத்தில் நிற்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். ஆனால் வாக்கியத்தின் பாதிக்கு மேல் அவளுக்கு ஏதோ ஆகிவிடுகிறது. யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறாள். கடைசி வார்த்தையைப் பாதி சொல்லி, பாதியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறாள். மழை வருமா வராதா, விலை ஏறியதா இறங்கியதா என்பதெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையில் இருக்கிறது. அதுதான் காணோம். பொறுப்பாளருக்குச் சொல்லத் தெரியாமல் போனது இதுதான்.

பதினைந்து நிமிடமும் அப்படியே ஓடி முடித்தாள். மாப்பிள்ளை ரேடியோவை நிறுத்தினார். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. தபால் போய்ச் சேர மூன்று நாள். அவர் மேஜையில் தாளை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். நான் கூடத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்தேன். என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் பேசினார், வழக்கம்போல நத்தை ஊர்கிற மாதிரி. எனக்கு இரண்டாவது வார்த்தையிலேயே நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வாக்கியம் சொல்ல என்ன நேரம் எடுக்கிறார் இந்த மனிதர்!

"வீட்டுல எங்கிட்டப் பேசும்போது இப்படி இல்ல மாமா. நிறுத்தி நிதானமாத்தான் பேசுவா. சாப்பாட்டு மேஜையில எல்லாரும் இருக்கும்போது மட்டும்தான் இப்படி ஓடுவா. ஏன்னுதான் எனக்குத் தெரியல."

என் மனைவி அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் சொல்லாமல் இருந்தால் போதும். இன்னும் பத்து நாளில் மகள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள்.

மாப்பிள்ளை பேனாவை மூடப் போனார்.

"எழுதுங்க மாப்பிள்ளை" என்றேன். "அங்க உங்கப்பா இல்ல, முழுசா சொல்லி முடின்னு எழுதுங்க."