மெரினாவுக்கு உயிரோடு அட்டை

கலாநிதி எனும் முனைவர் பட்டத்துக்காக அட்டையின் உமிழ்நீரை ஆராயும் மெரினா, கடைசிச் சோதனைக்கு அட்டை பிடிக்க டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். அப்பா சூசைரட்ணம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவைத்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் வாளி நிறையக் கொண்டுவந்தார்கள்; பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் உப்புப் போட்டுக் கொன்றிருந்தார்கள்.

"உயிரோட வேணும்க்கா. இல்லாட்டி ஆராய்ச்சியே நின்னுரும்," என்றாள் மெரினா அழாக்குறையாக.

சூசைரட்ணம் சாரத்தை மடித்துக் கட்டி, நனைந்த தேயிலைக்குள் வெறுங்காலோடு இறங்கினார். லயமே பின்னால் இறங்கியது. அவர் சொன்ன கணக்கில், காலில் ஏறிய அட்டை ஒவ்வொன்றும் சாரைப்பாம்புத் தடிமன்.

"அண்ணே, இவ்வளவு நாளா வெரட்டுனோம், இப்ப விருந்து வைக்கிறோம்!" என்று சிரித்தாள் கொழுந்து பறிக்கும் றோசலின்.

"நல்லா குடிக்கட்டும், புள்ள படிக்கணும்ல!" என்றார் சூசைரட்ணம்.

நெளியும் அட்டைகள் நிறைந்த போத்தலோடு மெரினா பஸ் ஏறினாள். காலில் ரத்தம் வழிய, சூசைரட்ணம் கண்டக்டரை அதட்டினார்: "மெதுவா போகச் சொல்லுங்க தம்பி. உள்ள எங்க கலாநிதி இருக்காங்க!"